அரைப்பன்றியும் முழுப்பன்றியும்

1832-இல் மிசிசிப்பி மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள், நீதிபதி விஷயத்தில் மூன்றாகப் பிரிந்தார்கள். பழையபடி நியமனமே இருக்கட்டும் என்றவர்களுக்குப் 'பிரபுக்கள்' என்று பெயர். சில நீதிபதிகளை மட்டும் மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றவர்கள் 'அரைப்பன்றிகள்'. உச்சியில் இருக்கும் நீதிமன்றம்வரை எல்லாரும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும் என்றவர்கள் 'முழுப்பன்றிகள்'. எதிலும் கடைசிவரை போய்ப் பார்ப்பவர்களை அந்த ஊர்ப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள்.

முழுப்பன்றிகள் ஜெயித்தார்கள். தலைமை நீதிமன்றத்துக்கு வட்டாரத்துக்கு ஒருவராக மூன்று நீதிபதிகள், ஆறு ஆண்டுப் பதவி. எல்லா நீதிபதிகளையும் ஓட்டுக்கு விட்ட முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக இருந்த காலம். சாமானியன் பெயரைச் சொன்னால் எதுவும் எடுபட்டது. அந்தச் சாமானியன் வெள்ளைக்கார ஆண் மட்டுமே. மாநில மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அடிமைகள்.

பல ஆண்டுகள் மற்ற மாநிலங்கள் வேடிக்கை பார்த்தன. அவற்றை அசைத்தது சாமானியன் அல்ல, கடன். கால்வாய், ரயில், வங்கி என்று சட்டமன்றங்கள் கடன் வாங்கிக் குவித்திருந்த நேரத்தில் 1837-இன் நிதி நெருக்கடி வந்தது. சில மாநிலங்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. சட்டமன்றத்தின் கையைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்? நீதிபதியோ, சட்டமன்றமோ ஆளுநரோ போட்ட ஆள். 1846-இல் நியூயார்க் தன் புதிய அரசியல் சட்டத்தில் கடனுக்கும் கடிவாளம் போட்டது, நீதிபதி தேர்தலையும் சேர்த்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், உள்நாட்டுப் போருக்குள், பெரும்பாலான மாநிலங்கள் அந்த வழிக்கு வந்துவிட்டன. நீதிபதி மக்களுக்குப் பணிய வேண்டும் என்பதைவிட, அரசியல்வாதிக்குப் பணியாமல் இருக்க அவருக்கென்று சொந்தமாக ஒரு பலம் வேண்டும் என்பதே அப்போது பெரிய கவலை. இன்று இதை நினைத்தால் சிரிப்பு வரும்.

2004-இல் மேற்கு வெர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர், ஒரு நீதிபதி வேட்பாளர் ஜெயிக்கச் சுமார் 30 லட்சம் டாலர் இறைத்தார். ஜெயித்தவர் முன்னால் அதே நிறுவனத்தின் 5 கோடி டாலர் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. அவர் விலக மறுத்தார். விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் ஐந்துக்கு நான்கு!

நியூயார்க், தன் உச்ச அமர்வுக்கு மட்டும், 1977-இல் ஆளுநர் நியமனத்துக்கே திரும்பிவிட்டது. மிசிசிப்பியும் 1868-இல் ஒருமுறை திரும்பிப் போய், பிறகு மறுபடி ஓட்டுக்கு வந்தது. இன்று அங்கே ஒன்பது நீதிபதிகள், எட்டு ஆண்டுப் பதவி. வட்டாரங்கள் மட்டும் இன்னமும் மூன்றுதான்.