கார்த்தேஜியரும் ரோமரும்: கார்த்தகேனாவின் செப்டம்பர் திருவிழா

ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையில், மூர்சியா மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் கார்த்தகேனா. ஆண்டுதோறும் செப்டம்பர் பிற்பாதியில் பத்து நாட்கள் அங்கே நடக்கும் பெருவிழாவுக்குக் ‘கார்த்தேஜியரும் ரோமரும்’ என்று பெயர். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் இடையே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மூண்ட இரண்டாம் பியூனிக் போரை ஊர்மக்களே வேடமிட்டு நடத்திக் காட்டுகிறார்கள். 1990இல் தொடங்கிய இவ்விழாவுக்கு 2017இல் பன்னாட்டுச் சுற்றுலாச் சிறப்பு விழா என்ற தகுதி கிடைத்தது. ரோமானியப் பெருமையைக் கொண்டாடும் ஊர்கள் ஐரோப்பாவில் பல உண்டு. போரில் தோற்ற கார்த்தேஜியருக்கும் சரிபாதி இடம் தருவதுதான் கார்த்தகேனாவின் தனிச்சிறப்பு.

அதற்குக் காரணம் ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. கி.மு. 227 வாக்கில் இதை நிறுவியவர் கார்த்தேஜியத் தளபதி ஹஸ்துருபால். ஆழமான இயற்கைத் துறைமுகமும், பக்கத்து மலைகளின் வெள்ளியும் ஈயமும் அவரை இங்கே இழுத்தன. கி.மு. 218இல் கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபால் இத்தாலியை நோக்கிப் படையுடன் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்துதான்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ரோமத் தளபதி ஸ்கிபியோ இதன்மேல் பாய்ந்தார். ஊருக்கு வடக்கே ஓர் உப்பங்கழி இருந்தது. நீர் வடியும் நேரத்தில் அதை நடந்தே கடக்கலாம் என்பதை மீனவர்களிடம் அவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். காவற்படை வாயிற்புறத்தில் போராடிக்கொண்டிருக்க, ஒரு பிரிவு கழியில் இறங்கிப் போய் ஆளில்லாத மதிலில் ஏணி சாத்தி ஏறியது. கோட்டைத் தலைவர் மாகோ சரணடைந்தார். பிறகு இவ்வூரை நேரில் வந்து பார்த்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ், சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்ததாக எழுதியிருக்கிறார். ரோமின் கருவூலத்தை நிரப்பியது அவர்களின் வியர்வை என்பதை விழாவின் பட்டுக்கொடிகளுக்கு நடுவே மறந்துவிடக் கூடாது.

இந்தப் பழமையின் பெரும்பகுதி நெடுங்காலம் மண்ணுக்கடியில் கிடந்தது. 1988இல் நகர மையத்தில் ஒரு கட்டடத்துக்காகத் தோண்டியபோது, அகஸ்டஸ் காலத்து ரோம நாடக அரங்கு வெளிப்பட்டது. கி.மு. 5க்கும் 1க்கும் இடையில் எழுந்த அது, அகஸ்டஸின் பேரர்களான காயஸ், லூசியஸ் ஆகியோருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சுமார் 6,000 பேர் அமரக்கூடிய அரங்கின்மேல் பிற்காலத்தில் கடைத்தெருவும், இஸ்லாமியர் குடியிருப்பும், தேவாலயமும் அடுக்கடுக்காக எழுந்திருந்தன. கட்டடக் கலைஞர் ரஃபேல் மொனேயோ வடிவமைத்த அருங்காட்சியகத்தின் வழியாக 2008 முதல் மக்கள் அதற்குள் நுழைகிறார்கள்.

விழா பிறந்த காலமோ கடினமானது. சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டு வேலையிழப்பு பெருகியது. 1992 பிப்ரவரியில் தொழிலாளர் போராட்டத்தின்போது இவ்வூரிலுள்ள மாநில நாடாளுமன்றக் கட்டடத்துக்கே தீ வைக்கப்பட்டது. கையிலிருந்த தொழில் நழுவிய அதே ஆண்டுகளில், காலடியிலிருந்து எழுந்த பழங்காலத்தை ஊர் பற்றிக்கொண்டது.

விழாவைத் தாங்குவது உள்ளூர்க் குழுக்கள். கார்த்தேஜியத் ‘துருப்புகள்’, ரோம ‘லீஜியன்கள்’ என இரு அணிகளாகப் பிரிந்து, சொந்தச் செலவில் உடையும் கவசமும் செய்துகொள்கிறார்கள். கால்பந்து மைதானத்துக்கு அருகே கூடாரங்களால் ஒரு பாசறையே எழுகிறது. அங்குதான் விழாவின் உயிர் இருக்கிறது; இரவு முழுக்க இசை, விருந்து, பகை அணியாரோடும் ஒரே பந்தி. புனிதத் தீ ஏற்றப்பட்டதும் நிகழ்வுகள் வரிசையாக வருகின்றன: நகரின் தோற்றம், ஹன்னிபால் திருமணம், ரோமச் செனட்டின் போர் அறிவிப்பு, துறைமுகத்தில் படைகள் இறங்குதல், நகருக்கான பெரும்போர், ரோமரின் வெற்றி ஊர்வலம்.

எல்லாம் வரலாற்றின்படி நடப்பதில்லை. ஹன்னிபாலின் மனைவி உள்நாட்டு நகரமான கஸ்துலோவைச் சேர்ந்தவர் என்கிறார் லிவி. அவருக்கு ஹிமில்செ என்னும் பெயர் பிற்காலக் காவியமொன்றிலிருந்து வருகிறது. அவர்கள் மணவிழா கார்த்தகேனாவில் நடந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் இம்மண்ணின் பூர்வகுடிகளான ஐபீரியர் என்ற மூன்றாவது மக்களை அரங்கேற்றும் காட்சி அது. அதை இழந்தால் விழாவுக்கே குறை.

விழாவோடு அகழாய்வும் வளர்ந்து வருகிறது. மொலினேட்டே குன்றின் அடிவாரத்தில் ரோமர் காலத் தெருக்களையும் கட்டடங்களையும் காட்டும் அருங்காட்சியகம் 2021இல் திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய காளைப்போர் அரங்குக்கு அடியில் கிடந்த ரோம வட்டரங்கையும் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்து வருகிறார்கள்.