நியமமும் தூரமும்: மூன்றாந் தலைமுறைத் தொலைபேசியின் வரலாறு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு கருவி நாடு கடந்து பயன்படுவதற்குக் கண்டுபிடிப்பு மாத்திரம் போதாது. அது எவ்வாறு இயங்கவேண்டும் என்பதிற் பலரும் உடன்படல் வேண்டும். அவ்வுடன்பாடே நியமம் எனப்படும். மூன்றாந் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசிக்கான நியமம் யாரால், யார் தேவை கருதி வகுக்கப்பட்டது என்பதை, புத்தளத்துக்கு வடக்கே கலா ஓயாவையும் வில்பத்துக் காட்டையும் அண்டியுள்ள எலுவன்குளம் போன்றதோர் ஊரினின்று நோக்குவது பயன்தரும்.

1980களில் ஐரோப்பிய நாடுகள் ஒன்றோடொன்று இணங்காத வலையமைப்புகளைக் கொண்டிருந்தன. இந்நிலையில், உலகு முழுமைக்கும் ஒரே முறையை வகுக்கும் பணியைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1985இல் தொடங்கிற்று. ஸ்பெயினின் தொரெமோலினோஸ் நகரில் 1992இற் கூடிய மாநாடு இதற்கென 2000 மெகாஹேர்ட்ஸை அண்டி 230 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைப்பட்டைகளைக் குறித்தது. இலங்கையில் 1989இல் தொடங்கிய செல்லிடச் சேவை, 1995இல் இலக்கமுறையான ஜி.எஸ்.எம். நியமத்தையும் ஏற்றுக்கொண்டது.

‘ஒரே முறை’ என்ற நோக்கம் நிறைவேறவில்லை. ஒரே அலைப்பட்டையைப் பலர் ஒருங்கே பயன்படுத்த, ஒவ்வொருவர் தொடர்பையும் தனிக்குறியீட்டால் வேறுபடுத்தும் முறையை ஐரோப்பாவும் யப்பானும் ஒரு வடிவிலும், அமெரிக்க நிறுவனங்கள் பல வேறொரு வடிவிலும் முன்வைத்தன. 1998 டிசம்பரில் ஐரோப்பா, யப்பான், கொரியா, அமெரிக்கா ஆகியவற்றின் நியம அமைப்புகள் இணைந்து மூன்றாந் தலைமுறைக் கூட்டுத் திட்டத்தை நிறுவின. அமெரிக்க வடிவை வளர்ப்பதற்கு வேறொரு கூட்டுத் திட்டம் தோன்றிற்று. குவால்கொம், எரிக்சன் நிறுவனங்களிடையே நிலவிய காப்புரிமைப் பிணக்கு 1999 மார்ச்சிலேயே தீர்ந்தது. ஈற்றில், 2000ஆம் ஆண்டில் ஒன்றியம் ஐந்து வானொலி இடைமுகங்களை ஒரே குடும்பமாக அங்கீகரித்தது. பெயரளவில் ஒருமையும் நடைமுறையிற் பன்மையும் எஞ்சின.

கூட்டுத் திட்டத்தை நிறுவிய அமைப்புகளுள் தென்னாசிய அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இந்திய நியம அமைப்பொன்று அதிற் பங்காளியானது 2015இலேயாம். ஆயினும் நியமத்தின் பயன் இங்கும் வந்தெய்தியது. யப்பானில் 2001 ஒக்டோபரில் தொடங்கிய சேவை, 2006இல் இலங்கையிலும் வர்த்தகரீதியாக அறிமுகமாயிற்று. சிறு நாடொன்று தனக்கெனப் புதுக்கருவி படைக்கவேண்டிய தேவை எழவில்லை.

ஆனால் நியமத்தோடு அதன் எல்லைகளும் வந்தன. 2000 மெகாஹேர்ட்ஸ் அலைகள், 900 மெகாஹேர்ட்ஸ் அலைகளைவிட விரைவில் வலுவிழப்பன. மரச்செறிவும் அவற்றைக் கூடுதலாகத் தடுக்கும். மேலும், பாவனையாளர் பெருகுங்கால் கோபுரமொன்றின் வீச்செல்லை சுருங்குவது குறியீட்டு முறையின் இயல்பு. எனவே கோபுரங்கள் நெருங்கி அமைதல் வேண்டும். சனச்செறிவு மிக்க நகரில் அச்செலவு மீளும். காட்டோரத்திற் சிதறிய குடியிருப்புகளில் மீளுதல் அரிது. இக்குறையை உணர்ந்தே 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையும் பின்னர் நியமத்திற் சேர்க்கப்பட்டது. அதனை முதலிற் பயன்படுத்திய வர்த்தக வலையமைப்பு 2007இற் பின்லாந்திலே தோன்றிற்று. அதுவும் காடுகளும் ஐதான குடிப்பரம்பலும் உடைய நாடே.

தன் நிலத்தின் தேவையை நியமக் குழுக்களில் எடுத்துரைக்கும் வாய்ப்பும் ஆற்றலும் பின்லாந்துக்கு இருந்தன. எலுவன்குளத்துக்கும் அதனையொத்த ஊர்களுக்கும் அவ்வாறு பேசுவோர் இருக்கவில்லை. நியமங்களைக் கற்பிப்பதோடு அமையாது, அவற்றை வகுக்கும் அவைகளில் அமரத்தக்க அறிஞரையும் உருவாக்குவது நம் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.