கிடங்கும் கிட்டங்கியும்

தமிழ்நாட்டு வார இதழொன்றில் 'அரிசிக் கிடங்கு' திறக்கப்பட்ட செய்தியை எம் பாட்டியாருக்கு வாசித்துக் காட்டினோம். "ஏன் மோனை, அரிசியைக் கிடங்குக்குள்ளையோ கொட்டினவை?" என்று திகைத்தார் அவர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடங்கென்றாற் குழி. பண்டங்களை அடுக்கிவைக்கும் பெருங் கட்டிடத்தை நாம் கிட்டங்கி என்போம்.

பழமை பாட்டியார் பக்கமே நிற்கின்றது. மதுரைக்காஞ்சி மதுரை மாநகரின் அகழியைக் கிடங்கென்றே கூறும். குழியைக் குறித்த சொல் பண்டசாலைக்கு எவ்வாறு ஆயிற்று? 'கிட' என்னும் வினையடியை நோக்கின், பொருள் கிடக்குமிடம் எதுவும் கிடங்காதல் பொருந்தும். இன்னொன்றும் எமக்குத் தோன்றுகின்றது. எங்கள் வளவுகளில் வாழைக்குலையைக் கிடங்கு வெட்டி இறக்கி, மூடிப் புகையூட்டிப் பழுக்கவைத்தனரன்றோ? அக்குழியும் ஒருவகைப் பண்டசாலையே. குழி போய்ச் சுவரும் கூரையும் எழுந்த பின்னரும் பழைய பெயர் நிலைத்திருத்தல் கூடும்.

இச்சொல்லின் கடற்பயணம் வியப்புக்குரியது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலேயர் வழங்கிய 'கொடவுன்' மலாய் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்கு வந்ததென்றும், ஆயினும் அதன் மூலம் தென்னிந்தியாவிலேயே உள்ளதென்றும் கருதுகின்றது. தமிழ்க் கிடங்கையும் தெலுங்குக் 'கிட்டங்கி'யையும் அது ஒருங்கே காட்டும். மலாயில் இது 'குடாங்', 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நாவில் 'குதாவோ', சிங்களத்தில் 'குதம'. தமிழ்நாட்டுக் கடைத்தெருவிலோ ஆங்கிலத்தின் வழியாகக் 'குடோன்' ஆகித் திரும்பியது.

இதனாற் பெருமைகொள்ள விழையும் நண்பர்க்கு ஒன்று சொல்வோம். நாம் வழங்கும் கிட்டங்கி, உருவத்தில் தமிழ்க் கிடங்கினும் தெலுங்குச் சொல்லையே நெருங்கி நிற்கின்றது. அதனை மறைத்துத் தமிழுக்கே தனியுரிமை கோருதல் ஆராய்ச்சியாகாது.

கிட்டங்கியின் பொருளும் ஓரிடத்தில் நில்லவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தொழில் நடத்திய நீண்ட கூடங்களுக்கும் கிட்டங்கி என்றே பெயர். அங்கே அரிசி மூட்டை இல்லை. சிறு மேசையும் பெட்டகமும் வைத்து, தரையிலமர்ந்து வட்டித்தொழில் செய்தனர். இரவில் அங்கேயே உறங்கினர். இன்று அக்கட்டிடங்கள் இல்லை.

சென்ற ஆண்டு நாம் எழுதிய கட்டுரையொன்றிற் 'திருகோணமலை எண்ணெய்க் குதங்கள்' என்றிருந்ததை, அந்நியச் சொல்லென்று நண்பரொருவர் சிவப்பு மையால் வெட்டிக் 'கிடங்குகள்' என்று திருத்தினார். பாட்டியார் வாசித்திருப்பின், எண்ணெயைக் குழியில் ஊற்றினார்களென்றே எண்ணியிருப்பார்! கிடங்கு கடல்கடந்து, உருமாறி, குதமாய் வந்து எம் வாசலில் நிற்பதை அந்நண்பருக்கு அன்று எடுத்துச்சொல்ல எமக்கு இயலவில்லை. இம்மலரின் அச்சுப்படியைத் திருத்துபவரும் அவரே. இம்முறை அச்சொல்லை அவர் விட்டுவைப்பாரென நம்புகின்றோம்.