சரக்கு இறங்கும் இடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே மாதம். மீட்டர் கேஜ் பாதைதான். ஆனாலும் பம்பாய்க்கு அடுத்தபடியாக அந்த வசதி வாய்த்த நகரம் நம்முடையது. தென் புறநகரின் வணிக வரலாற்றை எழுதப் புகுபவர் அந்த ரயிலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்றும் விடியற்காலையில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் கீரைக்கட்டும் பூக்கூடையும் தாம்பரத்தில் இறங்குகின்றன. நிலையத்தைவிட்டு மேற்கே வந்தால் சண்முகம் சாலைக் கடைத்தெரு. சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிய கூடை, ஆட்டோ செலவில்லாமல் விற்கும் இடத்துக்கே போய்விடுகிறது. அந்தக் கூடைக்கார அம்மாவின் லாபம் முழுவதும் அந்தக் குறுகிய நடையில்தான் இருக்கிறது.

ஆங்கிலேயர் கால இந்திய ரயில்பாதைகளை ஆராய்ந்து 2018இல் கட்டுரை வெளியிட்ட பொருளியலறிஞர் டேவ் டொனால்ட்சன் உப்பை அளவுகோலாகக் கொண்டார். ஒவ்வொரு வகை உப்பும் குறிப்பிட்ட இடங்களில்தான் விளைந்தது. ஆகவே, விளைந்த இடத்து விலைக்கும் தொலைவிலுள்ள மாவட்டத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, சரக்கைச் சேர்க்க ஆகும் செலவை அவர் கணக்கிட்டார். ரயில் வந்தபின் அந்த வித்தியாசம் குறைந்தது. ரயில் எட்டிய மாவட்டத்தில் வேளாண்மையின் மெய் வருமானம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்ந்தது. வளரும் நாடுகளில் பாதை போடுவது ஏன் முதற்கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

ஆனால் எல்லாப் பாதையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புறவழிச்சாலை. வடக்கே துறைமுகங்களுக்குப் போகும் லாரி நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கு இது பெரும் பலம், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கும் பாரம் குறைந்தது. ஆயினும் அந்தச் சரக்கு நம் ஊரில் நிற்பதில்லை. 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகம் அப்படியன்று: தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கித்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பும் மாலை நேரத்தில்தான் சுற்றிலுமுள்ள கடைகளுக்கு வியாபாரம்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது அதன் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. சவுகார்பேட்டையில் ஜவுளி எடுத்து, கடற்கரை நிலையத்தில் மூட்டையை ரயிலேற்றும் திண்டிவனத்துச் சிறு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்திலோ வண்டலூரிலோ இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து, கிளாம்பாக்கத்தில் மறுபடி ஊர்ப் பேருந்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கூலி. லாரி முழுக்கச் சரக்கெடுக்கும் பெரிய முதலாளிக்கு அது தெரியாது. இரண்டு மூட்டைக்காரருக்கு விலையிலேயே ஏறிவிடும்.

ஆகவே இம்மலர் வழியாக ஒரு கோரிக்கை. புதிய மேம்பாலமோ சாலையோ திட்டமிடும்போது தாம்பரம் மாநகராட்சியும் ரயில்வேயும் கூடி உட்கார்ந்து, நிலைய வாசல்களில் சிறு வியாபாரிகள் சரக்கு இறக்கவும், வெயில் படாமல் வைக்கவும், கைவண்டியை உருட்டிப் போகச் சாய்தளத்துக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.