ஆச்சியின் கையிலிருந்து இறங்கிய கொட்டான்

கெடாவில் பனை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலோர் ஸ்டாரைத் தாண்டி பெர்லிஸ் பக்கம் போனால் சாலையோரக் கடைகளில் ‘புவா தார்’ என்ற பெயரில் நுங்கு கிடைக்கும். ஆனால் இந்த மாநிலத்து மலாய்க் கம்பங்களில் பெண்கள் கை வைத்தது பனையோலையில் அல்ல, மெங்குவாங் எனும் தாழை இனத்து ஓலையில். பாயும் பையும் அதில்தான் பின்னுவார்கள். ஆகவே சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணத்தில், தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக ஒரு சின்னப் பனையோலைக் கொட்டான் கைக்கு வந்தால், அது இந்த ஊர் ஓலை இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அது கடல் தாண்டி வந்தது. அது பிறந்த வீட்டைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு இங்கிருந்து கடல் தாண்டிப் போனது.

கொட்டான் என்பது செட்டிநாட்டுக் கூடை. உள்ளங்கையில் அடங்குவதிலிருந்து ஒரு படி அரிசி கொள்வது வரை பல அளவு உண்டு. நகரத்தார் எனும் செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பலகாரம், பூ, வெற்றிலை பாக்கு, சீர் சாமான் எல்லாம் அதில்தான் இடம் மாறும். வெறும் ஓலையாகவும் விடுவதில்லை. வெளியே பட்டுத்துணி போர்த்தித் தைப்பார்கள், பாசிமணி கோத்து வலை போடுவார்கள், உல்லன் நூலில் பூ வைப்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கூடத்தில் பரப்பி உறவுக்குக் காட்டும் வழக்கம் அவர்களுடையது. வைரத்தோடும் வெள்ளிக் குடத்தோடும் கொட்டானும் அங்கே வரிசையில் நிற்கும். நகை ஆசாரி செய்தது. கொட்டான் வீட்டு ஆச்சியே முடைந்தது. வேலைக்காரர்கள் நிறைந்த வீட்டில் எஜமானி தன் கையால் ஓலை முடைந்தாள் என்பதை நான் எளிமை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கைவேலை தெரிந்த பெண் என்ற பெருமையும், அதற்குக் கொடுக்க நேரம் இருக்கிறது என்ற வசதியும் சேர்ந்ததுதான் அது.

அந்த நேரம் எங்கிருந்து வந்தது? ஆண்கள் ஊரில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் செட்டியார்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போனார்கள். வட்டிக்கடைப் பெட்டியடிக்குப் போகும் ஏஜெண்டுக்குக் கணக்கு மூன்று வருஷம். அது முடிந்தால் ஊர், பிறகு மறுபடி கப்பல். மனைவி மக்களை உடன் அழைத்துப் போகும் பழக்கம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்காகக் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் 1894இல் கப்பலேறி வந்து, இன்றும் தைப்பூசத்துக்கு ஜார்ஜ்டவுன் வீதிகளில் ஓடுகிறது. முருகனுக்கே கடல் கடந்து வண்டி அனுப்பினார்கள். ஆச்சிகள் மட்டும் வளவு வீட்டில் இருந்தார்கள், மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை.

பினாங்கிலிருந்து கெடாவுக்கு ஒரு எட்டுத்தான். 1909 ஒப்பந்தத்தில் சயாம் தன் கையிலிருந்த கெடாவைப் பிரிட்டிஷாரிடம் விட்டது. ரப்பர் வந்தது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் என்று தென்பகுதி முழுக்கக் காடு அழிந்து பால்மரக் காடானது. பெரிய தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகளுடையவை. அவற்றுக்கு இடையே செட்டியார் கடன் கொடுத்தார், கடனுக்கு ஈடாக நிலம் வந்தது, சிலர் நேரடியாகத் தோட்டமே வாங்கினார்கள். 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தம் கடன்பட்டவனின் கழுத்தை நெரித்தபோது, மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் இருக்கக் கெடாவிலும் நில ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவரும்போது அரசின் கண்முன் இருந்தவர்களில் செட்டியாரும் ஒருவர்.

செட்டியாரின் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் யார்? அவரைப் போலவே தமிழ் பேசி, நாகப்பட்டினத்தில் அதே கப்பலில் ஏறி, அடித்தளத்தில் படுத்து வந்தவர்கள். விடியுமுன் பெரட்டு. கங்காணி பேர் கூப்பிட, கிராணி குறித்துக்கொள்ள, பெண்கள் தலைக்கு விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். உளி பிடித்துப் பட்டையைச் சன்னமாகச் சீவுவது லேசான வேலையல்ல. ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம், குறைந்தால் பால் வராது. அவ்வளவு நுட்பம் பழகிய கை அது. ஆனாலும் அந்தக் கைக்கு லயத்து வீட்டில் ஓலை பின்னும் நேரம் கிடையாது. மாரியம்மன் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் கட்டுவார்கள், கீற்று முடைவார்கள், ஈர்க்கில் துடைப்பம் கட்டுவார்கள், அத்தோடு சரி. நேரம் ஒரு பக்கமும் உழைப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவில் வங்காள விரிகுடா கிடந்தது.

இரண்டு கரைகளிலும் அந்த உலகம் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் உடைந்தது. பர்மாவில் போட்ட முதல் போர்க்காலத்தோடு போயிற்று. சுதந்திரம் நெருங்கிய மலாயாவில், 1950களில், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் வியாபாரம் சூடு பிடித்தது. விற்றவரும் வாங்கியவரும் லாபம் பார்க்க, லயத்திலிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு எதிராக எழுந்ததுதான். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில், கூலிம் பக்கத்து புக்கிட் சீடிம். பால்வெட்டியவர்கள் தாங்களே சேர்த்த காசில் தோட்டம் வாங்கினார்கள் என்பதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

அந்தப் பக்கம் செட்டிநாட்டில் மாளிகைகள் பூட்டிக்கொண்டன. பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போயின. பிளாஸ்டிக் கூடை வந்தது, எவர்சில்வர் வந்தது. ஆச்சிகள் சென்னைக்குக் குடிபோனார்கள். மகள்கள் படித்து வேலைக்குப் போனார்கள். கொட்டான்கள் இரண்டாம் கட்டு அறைகளில் பெட்டிக்குள் கிடந்தன. முடையத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினார்கள்.

2000ஆம் ஆண்டு விசாலாட்சி ராமசாமி எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளையைத் தொடங்கினார். செட்டிநாட்டு மரபு பற்றி எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன் ஆகியோருடன் அவர் சேர்ந்து எழுதிய ஆங்கில நூலும் அந்த நேரத்தில்தான் வந்தது. மரபைப் பற்றி நூல் எழுதியவர்கள் பொதுவாக அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எஞ்சியிருந்த பழைய கொட்டான்களைத் தேடி எடுத்து, முடையத் தெரிந்த முதியவரைக் கண்டுபிடித்து, காரைக்குடி வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் செய்தார். கற்றுக்கொண்டவர்கள் ஆச்சிகள் அல்ல. வானம் பார்த்த பூமியில் நாற்று நட்டும் களை எடுத்தும், வேலை இல்லாத மாதங்களில் சும்மா இருந்தும் பிழைத்த குடும்பங்களின் பெண்கள். அந்த இடத்தில்தான் கொட்டானின் ஜாதகம் மாறியது. சீராக இருந்தது சரக்காயிற்று. சரக்கானதால் உயிர் பிழைத்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. பொழுதுபோக்காக மட்டும் இருந்த கைவேலை, பொழுதோடு போய்விடும்.

முடைகிற விதம் இதுதான். பனையில் முற்றிய சாரோலை வேலிக்கும் கூரைக்கும் ஆகும். கொட்டானுக்கு விரியாத குருத்தோலை வேண்டும். அதை வெட்டி இறக்கி, வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்தில் நாராக வகிர்கிறார்கள். அகலம் ஒரு மயிரிழை பிசகினாலும் பின்னல் கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் வேண்டியதைக் கொதிநீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். முடையும் நேரத்தில் ஓலையில் ஈரப்பதம் இருக்க வேண்டும், காய்ந்தால் ஒடியும், ஊறினால் துவண்டு பின்னல் தளரும். அடியைச் சதுரமாகப் பின்னிக்கொண்டு, நான்கு மூலையில் ஓலையைத் திருப்பி மேலே ஏற்றி, வாயில் மடித்துச் செருகி முடிப்பார்கள். நன்றாக முடைந்த கொட்டானில் தொடக்கமும் முடிவும் வெளியே தெரியாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கை அழுத்தம் வேறு. ஐந்நூறு ஒரே மாதிரி வேண்டும் என்று கல்யாண வீட்டார் கேட்கும்போது, வேலையில் பாதி அந்த வேறுபாட்டை அடக்குவதுதான்.

ஆர்டர் வருவது பெரும்பாலும் கல்யாணத்துக்கும் விசேஷங்களுக்கும். அதனால் தை, ஆவணி முகூர்த்த காலங்களில் கை ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் ஓய்ந்துவிடும். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு. வீட்டில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்து முடையலாம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே முடையலாம் என்பது அதன் வசதி. அதுவே ஆபத்தும்கூட. வீட்டு வேலையோடு வேலையாகப் போகும் உழைப்பை வாங்குகிறவர் மலிவாகவே மதிப்பார். ஆச்சி ஒரு வாரம் வைத்துப் பாசி கோத்தபோது யாரும் அவரிடம் மணிக்கு என்ன ஆகிறது என்று கேட்கவில்லை. இந்தப் பெண்களிடம் கேட்காமல் இருக்க முடியாது. நிலைத்து நிற்கும் தொழில், பசுமைத் தொழில் என்று பெருமை பேசுகிறவர்கள் ஓலை மக்கிப் போகும் என்பதைச் சொல்கிற அளவுக்கு, முடைந்தவருக்கு நாள் கூலி கட்டுபடியானதா என்பதைச் சொல்வதில்லை. யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை கொட்டானுக்குக் கிடைத்தது. 2012–13இல் புவிசார் குறியீடும் வந்தது. குறியீடு பெயரைக் காக்கும். விலையை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும்.

அப்படித்தான் இந்தக் கூடை மறுபடி கடல் தாண்டுகிறது, இந்த முறை அட்டைப் பெட்டியில், சரக்காக. கெடாவின் ஈரக் காற்று பனையோலைக்கு ஆகாது. மழை மாதத்தில் மூடிவைத்தால் பூஞ்சை பூத்துவிடும், அவ்வப்போது வெயில் காட்ட வேண்டும். தோட்டத்து அம்மாமார் வாங்கிப் பார்த்து, ‘நம்ம ஊரில் அஞ்சறைப் பெட்டியே இதில்தான் இருந்தது’ என்கிறார்கள். விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்துவிடுவதும் உண்டு.

இங்கேயே பெண்களுக்கு இப்படியொரு தொழில் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தில் பெண்களுக்கு இருந்த வேலை சுருங்கியது. குலை வெட்டுவது ஆண்கள் கைக்குப் போனது. பெண்களுக்கு மிஞ்சியது உரம் போடுவதும் மருந்தடிப்பதும் உதிரிப்பழம் பொறுக்குவதும். மகள்கள் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். மாதச் சம்பளம், இ.பி.எஃப்., சொக்சோ. ஓலை முடைந்து அந்த வருமானம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும், நாமும் மரபின் பெயரால் அவர்களைத் திருப்பி உட்காரவைக்க முடியாது. தொழிற்சாலை சேர்த்துக்கொள்ளாத வயதில் வீட்டிலிருக்கும் அம்மாவின் கதை வேறு. மெங்குவாங் பின்னத் தெரிந்த கம்பத்துப் பெண்ணும், உளி பிடித்த தோட்டத்துப் பெண்ணும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் என்ன பிறக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

செட்டிநாட்டிலோ இப்போதைய தட்டுப்பாடு முடையும் கைக்கு அல்ல, குருத்தோலைக்கு. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்காக எக்கச்சக்கமாக வெட்டப்பட்டு, கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021இல் தமிழக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. மரம் நின்றாலும் குருத்து தானாக இறங்காது. பாளையைச் சீவிப் பதனீர் இறக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் மரம் ஏற வருவதில்லை. கருக்கு மட்டை தொடையைக் கிழிக்கும், விழுந்தால் உயிர் போகும், கூலி அதற்கு ஈடில்லை. இருக்கிற சிலரும் குருத்தை அளவோடுதான் எடுக்க முடியும். அதிகம் வெட்டினால் மரம் நலியும். இந்த வருஷம் எத்தனை கொட்டான் முடையலாம் என்பதை இப்போது பாதி அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.