தப்பாக வரவான தங்கம்

பேங்க்கில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். வேறொருத்தர் பணம் தப்பாக ஒரு கணக்கில் வரவாகிவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் ரிவர்ஸ் என்ட்ரி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். அதே வேலையை 35 வருஷம் கழித்து ஒருத்தர் செய்திருக்கிறார். வீடியோவை என் பையன் போனில் காட்டினான். "யாருப்பா இந்த ரெண்டு பேரும்?" என்றான். அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

1988, சியோல் ஒலிம்பிக்ஸ். குத்துச்சண்டை, 71 கிலோ பிரிவு இறுதிப்போட்டி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு 19 வயது. எதிரில் உள்ளூர்க்காரர் பார்க் சி-ஹுன். மூன்று ரவுண்டு முடிந்தபோது ஜோன்ஸ் விட்ட குத்துகளில் 86 சரியாக விழுந்திருந்தன. பார்க்குக்கு 32. சந்தேகத்துக்கு இடமே இல்லை அல்லவா?

ஐந்து நடுவர்கள். சோவியத், ஹங்கேரி நடுவர்கள் ஜோன்ஸ் பக்கம். உகாண்டா, உருகுவே, மொராக்கோ நடுவர்கள் பார்க் பக்கம். 3-2. தங்கம் பார்க்குக்கு!

அப்போதெல்லாம் ஒவ்வொரு குத்துக்கும் தனிக் கணக்கு கிடையாது. ரவுண்டு முடிந்ததும் நடுவர் மனசுக்குப் பட்ட மார்க்தான். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத செலவு. கேலிக்கூத்து என்னவென்றால், அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று 1997-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஃபைலை மூடியது.

1992 பார்சிலோனாவில் மெஷின் வந்தது. ஐந்தில் மூன்று நடுவர்கள் ஒரே நொடிக்குள் பட்டனை அமுக்கினால்தான் ஒரு பாயின்ட். ஆனாலும் பட்டனை அமுக்குவது மனுஷ விரல்தானே! 2012 லண்டனில் நம்ம விகாஸ் கிருஷன் 13-11 என்று ஜெயித்தார். அமெரிக்கா அப்பீல் செய்ய, சில மணி நேரத்தில் எரோல் ஸ்பென்ஸ் 15-13 என்று முடிவை மாற்றினார்கள். நம்ம அப்பீல் எடுபடவில்லை. ஆக, மனசு வைத்தால் ரிவர்ஸ் என்ட்ரி போட முடியும். ஜோன்ஸுக்குத்தான் யாரும் போடவில்லை.

கடைசியில் போட்டது பார்க். 2023-இல் ஃப்ளோரிடாவின் பென்சகோலா வரைக்கும் போய், ஜோன்ஸைப் பார்த்து, இது உங்களுடையது என்று அந்தத் தங்கத்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஜோன்ஸ் அழுதுவிட்டார். 2025 செப்டம்பரில்தான் அந்த வீடியோ வெளியே வந்தது.

யோசித்துப் பாருங்கள். பார்க் என்ன தப்பு செய்தார்? ரிங்கில் ஏறி சண்டை போட்டார், அவ்வளவுதான். மார்க் போட்டது மூன்று பேர்; ஊர் ஏச்சைச் சுமந்தது அவர். ஒலிம்பிக் ஏட்டில் இன்றும் தங்கம் பார்க் பெயரில்தான் இருக்கிறது.

"அப்போ யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டான் பையன்.

"1988-லயா, 2023-லயா?" என்றேன்.