எந்த ஊர்த் தமிழ் நேர்த் தமிழ்?

தமிழ் பேசும் யாரைக் கேட்டாலும் தங்கள் ஊர்ப் பேச்சுதான் சாதாரணப் பேச்சு, மற்ற ஊர்க்காரர்கள்தான் ராகம் போட்டுப் பேசுகிறார்கள் என்பார்கள். கோவைக்காரர் தம்முடையது மரியாதைத் தமிழ் என்பார். அதே 'ஏனுங்க', 'சொல்லுங்க' மற்றவர் காதுக்கு இழுவையாகக் கேட்கும். நெல்லைக்காரர்கள் இருவர் 'ஏலே', 'என்னலே' என்று பாசமாகப் பேசிக்கொண்டிருந்தால், வெளியூர்க்காரர் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவார். மதுரைக்காரர் 'சங்கம் வைத்த ஊர்' என்று ஒரே போடாகப் போடுவார். யாழ்ப்பாணத்தவர் தம்முடையதே தூய தமிழ் என்பார். அவர் சென்னையில் வாய் திறந்தாலோ 'நீங்க மலையாளமா?' என்று கேட்பார்கள்.

இந்தப் பெருமைப் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் இடமே கிடைக்கவில்லை. அவர் பழைய சென்னையின் ரிக்சாக்காரர். அவர் பேசியதற்குத் தமிழ் என்ற பெயர்கூடக் கொடுக்காமல் 'மெட்ராஸ் பாஷை' என்றார்கள். இந்த உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது?

பன்னிரு நிலம்

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரிக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்களே திசைச்சொற்கள். இந்த நான்கு வகையும் செய்யுள் செய்ய ஏற்றவை என்பதுதான் தொல்காப்பியர் கருத்து. வட்டாரச் சொல் என்பதற்காக அவர் எதையும் ஒதுக்கவில்லை.

உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்களாம்; குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பார்களாம். இவ்விரு நாடுகளும் இன்றைய கேரளப் பகுதியைச் சேர்ந்தவை. இரண்டு சொற்களும் மலையாளத்தில் இன்றும் உண்டு. அருவாநாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பார்களாம். அந்தச் சொல்லைச் சென்னைக்காரர்கள் திருவல்லிக்கேணி என்ற பெயரில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்தச் செந்தமிழ் நிலம் எது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வைகையாற்றுக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு என்று இளம்பூரணரும் சேனாவரையரும் எல்லை வகுத்தார்கள். பின்னால் வந்த தெய்வச்சிலையார் இதை ஏற்கவில்லை. இப்படி வரையறுத்தால் வைகைக்குத் தெற்கே உள்ள கொற்கையும், கருவூருக்கு மேற்கே உள்ள கொடுங்கோளூரும், மருதயாற்றுக்கு வடக்கே உள்ள காஞ்சியும் தமிழ் திரிந்த நிலம் ஆகிவிடுமே என்று கேட்டார். பாண்டியர் துறைமுகமும் சேரர் ஊரும் பல்லவர் தலைநகரமும் நல்ல தமிழுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால் யார்தான் ஒப்புவார்கள்! வேங்கடம் முதல் குமரி வரை எல்லாமே செந்தமிழ் நிலம் என்பது அவர் முடிவு. ஆக, நேர்த் தமிழுக்கு எல்லை எது என்பதில் இலக்கண ஆசிரியர்களுக்குள்ளேயே உடன்பாடு இருக்கவில்லை.

கொடுந்தமிழும் இழிசனர் வழக்கும்

செந்தமிழுக்கு வெளியே இருந்ததற்குக் 'கொடுந்தமிழ்' என்று பெயர் வந்தது. கொடு என்றால் வளைந்தது. கொடுமை என்று பொருள் அல்ல. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அதில் மக்கள் அன்றாடம் பேசும் தமிழ் முழுவதுமே கொடுந்தமிழ் என்று குறிக்கப்பட்டது. முன்பு சில நாடுகளின் பேச்சைக் குறித்த சொல், இப்போது எல்லோருடைய பேச்சையும் குறித்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பார்வை இன்னும் கடுமையானது. 1960-களின் தொடக்கத்தில் இலங்கையில் முற்போக்கு எழுத்தாளர்கள் கதைகளில் மக்களின் பேச்சு மொழியை எழுதியபோது, மரபுவாதிகள் அதை 'இழிசனர் வழக்கு' என்றார்கள். அந்த எழுத்தாளர்களில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர்கள். அவர்கள் கதைகளில் பேசியவர்களும் அந்த மக்களே. சொல்லைப் பழித்தது யாரைப் பழிக்க என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தே இருந்தது.

மெட்ராஸ் பாஷை

சென்னைப் பேச்சின் கதையும் இதுதான். துறைமுக நகரத்தில் மூட்டை தூக்கியவர்களும் வண்டி இழுத்தவர்களும் மீன் விற்றவர்களும் பல மொழிக்காரர்களோடு பழகினார்கள். 'துட்டு' டச்சுக்காரர்களின் காசிலிருந்து வந்தது. 'நாஸ்தா', 'பேஜார்', 'ஜல்தி' ஆகியவை உருது, இந்துஸ்தானி வழியே வந்தவை. படித்தவர்கள் ஆங்கிலம் கலந்து பேசினால் நாகரிகம். உழைப்பவர்கள் உருது கலந்து பேசினால் கொச்சை!

உச்சரிப்பிலும் இதே நியாயம்தான். தென் மாவட்டங்களில் பலரும் ழகரத்தை ளகரமாக்கி 'வாளப்பளம்' என்பார்கள். சென்னையில் அது 'வாயப்பயம்' ஆகும். இரண்டிலும் ழகரம் இல்லை. ஆனால் கேலிக்கு ஆளானது பெரும்பாலும் சென்னைதான்.

சினிமா இந்தக் கேலியை ஊர் ஊராகக் கொண்டு போனது. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா' படத்தில் சந்திரபாபு ரிக்சாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். அவர் தூத்துக்குடிக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. கதாநாயகர்கள் அடுக்குமொழியில் வசனம் பேச, வட்டாரப் பேச்சு நகைச்சுவை நடிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது. சேரி மக்களின் வாழ்வை நகைச்சுவைக்காக அல்லாமல் காட்டிய ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1965-ல் வந்தது. அது விதிவிலக்காகவே நின்றது.

பழமை எங்கே இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், கேலி செய்யப்படும் பேச்சில்தான் பல நேரம் பழைய தமிழ் ஒளிந்திருக்கிறது. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் உகரச் சுட்டு பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. மலையாளமா என்று கேட்கப்பட்டவர் பேசியது தொல்காப்பியர் அறிந்த தமிழ்!

இதை உணர்ந்த எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதினார். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-ல் வெளியானது. பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-ல் வந்தது. சென்னையின் முறை தாமதமாகத்தான் வந்தது. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) படங்களில் வடசென்னைப் பேச்சைக் கதாநாயகனே பேசினான். யாரும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

அறுபது ஆண்டுகளில் அந்தப் பேச்சு பெரிதாக மாறிவிடவில்லை. அதைப் பேசுகிறவரைப் பார்க்கும் பார்வைதான் மாறியது. ஒரு பேச்சு இனிமையா கொச்சையா என்பதை அதன் ஒலி தீர்மானிப்பதில்லை. பேசுகிறவருக்கு நாம் கொடுக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. தெய்வச்சிலையார் எழுப்பிய கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது: எல்லைக்கோடு போட்டால், அதற்கு வெளியே நிற்கப் போவது யார்?